தொலைநிலையில் மருத்துவமனை நிர்வாகப் பட்டம்: தேறிய பிறகு பட்ட பாடு

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ முடித்து வரவேற்பில் சேர்ந்து, பில்லிங்கில் சில காலம் இருந்து, பிறகு இந்த மேசைக்கு வந்தவள். பட்டம் இல்லாதவர்களுக்கு மேற்பார்வையாளர் பதவி கிடையாது என்று நிர்வாகம் கறாராகச் சொன்ன பிறகுதான் தொலைநிலைக் கல்வியில் பி.பி.ஏ. மருத்துவமனை நிர்வாகம் சேர்ந்தேன். சேர்க்கையிலும் பருவத் தேர்வுகளிலும் சொல்லும்படியான சிக்கல் இல்லை. கணக்கியலும் புள்ளியியலும் மிரட்டின. மருத்துவப் பதிவேடுகள், உயிர் மருத்துவக் கழிவு மேலாண்மை போன்ற தாள்கள் தினமும் கண்ணில் படும் வேலையாகவே இருந்ததால் தாமாகவே கடந்து போயின. என்னை அலைக்கழித்தது கடைசி ஆண்டு. அதுவும் படிப்பு அல்ல, காகிதங்கள்.

திட்ட அறிக்கைக்கு, நோயாளி வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் எழுதிய நேரத்துக்கும் அவர் உண்மையில் வார்டைவிட்டு இறங்கும் நேரத்துக்கும் இடையே ஏன் இத்தனை தாமதம் என்பதைத் தலைப்பாக எடுத்துக்கொண்டேன். கோப்புகளைப் பார்க்க மருத்துவக் கண்காணிப்பாளர் முதலில் சம்மதிக்கவில்லை. நோயாளியின் பெயர், ஐ.பி. எனப்படும் உள்நோயாளி எண், நோய் விவரம் எதையும் எடுக்கமாட்டேன், நேரக் குறிப்புகளை மட்டும் வரிசை எண் போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகே கையெழுத்திட்டார். அந்த அனுமதிக் கடிதத்தை மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில், எண்ணும் தேதியும் முத்திரையும் சேர்த்து, இரண்டு அசல் பிரதிகளாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு மையத்தில் ஓர் அசலை வாங்கிக்கொண்டால் திரும்பத் தரமாட்டார்கள். பல்கலைக்கழகமோ நகலை ஏற்காது.

அறிக்கையைக் கெட்டி அட்டை போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு போன அன்று, மைய எழுத்தர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "வழிகாட்டியோட பயோடேட்டா அசல் கையெழுத்தோட இல்லையேம்மா" என்றார். வழிகாட்டியின் கையெழுத்துள்ள சான்றிதழ் முன்பக்கத்தில் இருப்பதைக் காட்டினேன். "அது வேற, இது வேற" என்பதோடு பேச்சு முடிந்தது. மாணவர் கையேட்டில் இப்படியொரு தாள் தேவை என்று ஒரு வரிகூட இல்லை. அரை நாள் விடுப்புப் போட்டு, பேருந்தில் அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவளிடம் அதைக் கைப்பேசியில் முன்பே சொல்லியிருக்கலாம்; அந்த மையத்தின் எண் எப்போதும் அடித்துக்கொண்டேதான் இருக்கும். ஆகவே கட்டுவதற்கு முன் ஸ்பைரல் போட்ட ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் காட்டி, என்னென்ன இணைப்புகள் வேண்டும் என்பதை அவர்கள் கையாலேயே அதன் மேல் எழுதி வாங்கிவிடுங்கள்.

வாய்மொழித் தேர்வு எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல். காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையின்படி, மருத்துவமனை அனுப்பும் டிஸ்சார்ஜ் கோரிக்கைக்குக் காப்பீட்டு நிறுவனம் மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தரவேண்டும். அந்த மூன்று மணி நேரம் எப்போது தொடங்குகிறது என்று தேர்வாளர் கேட்டார். கோரிக்கை அவர்களுக்குக் கிடைத்த கணத்திலிருந்து என்றேன். அதற்கு முன் பயன்படுத்தாத மருந்துகளை மருந்தகத்துக்குத் திருப்புவது, டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சாகிக் கையெழுத்தாவது, பில் முடிவது என்று நம் பக்கத்திலேயே கரையும் நேரத்தை எந்தச் சுற்றறிக்கையும் கணக்கில் எடுப்பதில்லை என்பதை என் அட்டவணையை விரித்துக் காட்டினேன். அவர் அட்டவணையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, அடுத்த மாணவரை உள்ளே விடாமல் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

முடிவு வந்த நாளில் என் பதிவெண்ணுக்கு எதிரே 'நிறுத்திவைக்கப்பட்டது' என்றிருந்தது. காரணம் இதுதான்: படிப்பின் நடுவே பல்கலைக்கழகம் எல்லா மாணவர்களுக்கும் மாணவர் பெறும் மதிப்பலகுகளை (கிரெடிட்) இணையத்தில் சேர்த்துவைக்கும் ஏ.பி.சி. எனப்படும் கல்வி மதிப்பலகு வங்கிக் கணக்கைக் கட்டாயமாக்கியது. டிஜிலாக்கர் வழியாகத் தொடங்கிய என் கணக்கு, பெயரை ஆதாரிலிருந்து எடுத்துக்கொண்டது. என் பள்ளிச் சான்றிதழ்களில் அப்பாவின் முதலெழுத்து. திருமணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவரின் முதலெழுத்து. ஓர் எழுத்து பொருந்தவில்லை என்பதால் கணினி என்னை வேறு ஆளாக எண்ணிவிட்டது. நம் ஊரில் திருமணமான பெண்களில் பாதிப் பேருக்கு இது நேரும் என்பதை அந்த மென்பொருளை வாங்கியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

மண்டல அலுவலகத்தில் கேட்டபோது, "எங்க லாகின்ல திருத்த வழியில்ல, சென்னைக்குப் போங்க" என்றார்கள். சென்னையில், மண்டல அலுவலகம் பரிந்துரைக்காமல் வாங்கமாட்டோம் என்றார்கள். ஆதாரையே மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைக் காட்டி மாற்றினேன். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டே முறைதான் திருத்த முடியும். வங்கி, பான், ரேஷன் அட்டை எல்லாவற்றிலும் கணவரின் முதலெழுத்து இருப்பவர்கள் ஒரு முறையை இதற்குச் செலவழிக்கும் முன் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். படிப்பில் சேரும்போதே ஆதாரையும் பள்ளிச் சான்றிதழையும் அருகருகே வைத்து, புள்ளி, இடைவெளி உட்பட ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் இந்த அலைச்சலே இருக்காது.

ஆதார் மாறியும் முடிவு வெளிவரவில்லை. மனுக் கொடுக்கும்போதெல்லாம் "பார்க்கிறோம்" என்பார்கள். என் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வைக்கச் சொன்னால் மட்டும் முகம் மாறும். வற்புறுத்தி வாங்கிய அந்த முத்திரைதான் கடைசியில் கைகொடுத்தது. 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தேன். ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் விளக்கம் தரத் தேவையில்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். இன்ன தேதியில் முத்திரையிட்டுப் பெற்ற என் மனு இப்போது எந்தப் பிரிவில், எந்தப் பதவியில் இருப்பவரிடம் இருக்கிறது, அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். பதிலளிக்கச் சட்டம் தரும் காலம் முப்பது நாள். அது முடிவதற்குள், பதில் வருவதற்கும் முன்பே, இணையத்தில் என் முடிவு வெளிவந்துவிட்டது. அன்றே தற்காலிகப் பட்டச் சான்றிதழுக்கும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலுக்கும் பணம் கட்டினேன்.

இனி மருத்துவமனை மனிதவளப் பிரிவு. தொலைநிலைப் பட்டம் ரெகுலருக்குச் சமமில்லை என்று அங்கே ஒருவர் ஆரம்பித்தார். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடி வகுப்புப் பட்டங்களுக்கு இணையானவை என்று யு.ஜி.சி. எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் வெளியிட்ட அறிவிப்பை அச்செடுத்து வைத்திருந்தேன்; அதையும், நான் சேர்ந்த ஆண்டில் என் படிப்புக்கு ஒப்புதல் இருந்ததைக் காட்டும் பக்கத்தையும் மேசைமேல் வைத்தேன். பேச்சு அத்துடன் நின்றது.

புதிதாகச் சேர நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 ஆம் ஆண்டின் தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான ஆணையச் சட்டத்தின்கீழ் வரும் படிப்புகளை, 2025 சூலை-ஆகஸ்டு பருவத்திலிருந்து தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக்கூடாது என்று யு.ஜி.சி. கூறிவிட்டது. சுகாதாரத் தகவல் மேலாண்மையும், நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு இடும் கிளினிக்கல் கோடிங்கும் அச்சட்டத்தின் அட்டவணையில் உள்ளன. எம்.ஆர்.டி. எனப்படும் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் அந்தப் பெயரில் யாராவது தொலைநிலைப் பட்டம் தருவதாக விளம்பரம் செய்தால், பணம் கட்டும் முன் யு.ஜி.சி.யின் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகத்தை மட்டுமல்லாமல், அந்தப் படிப்பையும் அந்த ஆண்டையும் தேடிப் பாருங்கள்.

மேற்பார்வையாளர் ஆணை வந்துவிட்டது. சம்பளச் சீட்டில் பதவிப் பெயர் மாறியிருக்கிறது, தொகை மாறவில்லை. கேட்டதற்கு, ஏப்ரலில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.