ஏழாம் குப்பி

மார்ச் 4
என் மூலக்கூறு இடக்கையா வலக்கையா என்று எக்ஸ்-கதிரில் பார்க்கப் படிகம் வேண்டும். ஏழு குப்பிகளையும் அடுக்கிவிட்டேன். உள்ளே மெத்தனால் கரைசல், வெளிக்குடுவையில் ஈதர். இனி ஈதர் ஆவி மெல்ல உள்ளே இறங்க வேண்டும். பம்ப் ஓடும் மேசையில் வைக்கவில்லை, அதிர்வு ஆகாது. தொடக் கூடாது. தொடவே கூடாது.

மார்ச் 5
ஒன்றும் இல்லை.

மார்ச் 9
நான்காம் குப்பியில் மயிர் போல ஊசிகள். உதவாது. ஏழாம் குப்பியின் அடியில், கண்ணாடியை ஒட்டி, சின்னச் சின்னக் கட்டிகள்! மைக்ரோஸ்கோப்பில் குறுக்குப் போலராய்டுகளுக்கு நடுவே வைத்து மேடையைத் திருப்பினேன். ஒரு கட்டி முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டது. 90 டிகிரி தள்ளி மறுபடி அப்படியே இருண்டது. ஒட்டுப்படிகம் இல்லை. நீளம் 0.2 மில்லிமீட்டர் இருக்கும். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “காஞ்சு போறதுக்குள்ள எண்ணெய்ல போடு” என்றார்.

மார்ச் 10
ஒரு படிகத்தை மாலிப்டினம் எக்ஸ்-கதிர்க் கருவியில் ஓட்டினேன். மாதிரி அளவீட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் ஆர் மதிப்பு 4.1 சதவீதம். அணுக்கள் அழகாக உட்கார்ந்துவிட்டன. ஆனால் கையைச் சொல்லும் ஃப்ளாக் எண் 0.3, அதன் பிழை 1.1. பூஜ்யம் என்றால் நான் வரைந்த கை சரி, ஒன்று என்றால் தலைகீழ். இவ்வளவு பிழையை வைத்துக்கொண்டு எதைச் சொல்ல?

தெரிந்துதான் செய்தேன். கார்பன், நைட்ரஜன், ஆக்ஸிஜன், ஹைட்ரஜன் மட்டுமே உள்ள மூலக்கூறு. மாலிப்டினம் கதிரின் 0.71 ஆங்ஸ்ட்ராமில் இவற்றின் அசாதாரணச் சிதறல் மிக அற்பம். படிகம் சிதறடித்த கதிரின் எதிரெதிர்ப் புள்ளிகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே செறிவில் விழுகின்றன. அந்த மயிரிழை வித்தியாசத்தில்தான் இடமும் வலமும் இருக்கின்றன.

இரவு முழுக்க பைஃபூட் நினைவு. 1951-இல் சோடியம் ருபீடியம் டார்ட்ரேட் படிகத்தை வைத்து, ஒரு மூலக்கூறின் உண்மையான கையை முதன்முதலில் காட்டியவர். அதுவரை எமில் ஃபிஷர் ஊகமாக வைத்துக்கொண்ட பக்கத்தைத்தான் எல்லாரும் வரைந்துகொண்டிருந்தார்கள். பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஊகம் சரியாக அமைந்தது.

எனக்கு? மூன்று வருடமாக ஓஹெச் தொகுதியை மேல்நோக்கி வரைகிறேன்.

மார்ச் 11
காப்பர் கதிரின் நீண்ட அலைநீளத்தில் அந்த வித்தியாசம் கூடுதலாகத் தெரியும். ஆனால் காப்பர் கருவி இன்னும் எழவில்லை. கருவியைக் குளிர்விக்கும் சில்லரில் தண்ணீர் ஓட்டம் குறைந்ததும் இன்டர்லாக் என்ற பாதுகாப்புப் பூட்டு எக்ஸ்-கதிர்க் குழாயை அணைத்துவிடுகிறது. அணைக்கட்டும். குழாய்க்குள் இருக்கும் ஆனோடு கெட்டால் இந்த வருடமே போயிற்று.

மார்ச் 13
எம்எஸ்சி பிராக்டிகல். மாலிப்டினம் கருவியில் சர்க்கரைப் படிகம். படிகத்தைத் தாங்கும் கோனியோமீட்டர் தலையின் திருகுகளை ஒவ்வொருவராகத் திருப்பி, படிகம் சுழன்றாலும் குறுக்குக்கம்பியை விட்டு நகராதபடி நிறுத்தச் சொன்னேன். கணினியில் மூலக்கூறின் படத்தைக் கடைசிவரை காட்டவில்லை. புள்ளிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அலகுக் கூட்டின் பக்கங்கள் 7.8, 8.7, 10.9 ஆங்ஸ்ட்ராம் என்று வந்தபோது பின்வரிசையில் ஒருவன் கைதட்டினான்.

ஒரு மாணவி கேட்டாள்: “இது இடக்கையா வலக்கையான்னு இந்தப் புள்ளிகளே சொல்லிடுமா?”

அலைநீளத்தைப் பொறுத்தது என்றேன். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

மார்ச் 14
ஏழாம் குப்பியில் திரவம் இறங்கியிருக்கிறது. வாயை மூடும் பாராஃபிலிம் தாள் இன்னொரு சுற்று.

மார்ச் 16
ஓஹெச் மேலே. ஓஹெச் கீழே. கீழே என்றால் மூன்றாம் வினைப்படிக்கு நான் எழுதிய விளக்கம் முழுவதும் போகும்.

மார்ச் 18
சில்லர் ஃபில்டரில் பாசி! மாற்றியாயிற்று. 40 கிலோவோல்ட் நிற்கிறது.

மார்ச் 19
பாதிப் படிகங்கள் வெளுத்துவிட்டன, கரைப்பான் போய்விட்டது. தெளிவாக இருப்பவை இரண்டே. ஒன்றை எண்ணெய்த் துளிக்குள் இழுத்து, நைலான் லூப்பில் அள்ளி, 100 கெல்வின் நைட்ரஜன் ஓட்டத்தில் வைத்தேன். எண்ணெய் கண்ணாடி போல இறுகியது. பனி பிடிக்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன், அது பிறகுதான் உறைத்தது. எதிரெதிர்ப் புள்ளிகளைத் தனித்தனியே அளக்கச் சொல்லி ஓட விட்டேன்.

மார்ச் 20, அதிகாலை 2:40
ஃப்ளாக் 0.97. பிழை 0.08.

மாதிரியைத் தலைகீழாக்கி மறுபடி ஓட்டினேன். 0.03.

ஓஹெச் கீழே.

காலை 6:15
தூங்கவில்லை. கோபமும் இல்லை, ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் இது ஒரே ஒரு படிகம். குடுவையில் உள்ள மொத்தப் பொருளுக்கும் இதுவே சாட்சி ஆகுமா? சாரிடம் சொல்வதற்கு முன் இரண்டாவதையும் பார்த்துவிட வேண்டும். அதே பொருளை, இடக்கை வலக்கை மூலக்கூறுகளைப் பிரிக்கும் கைரல் காலம் (column) என்ற குழாயிலும் ஓட்ட வேண்டும்.

காலை 7:50
இரண்டாவதை ஏற்றிவிட்டேன். முதல் ஃப்ரேம் வந்தது. புள்ளிகள் கூர்மையாக இருக்கின்றன.