அன்றிரவு எடுத்த வரி

"அவர் சொன்னதுதான் சார் செய்தி. அது உண்மையா இல்லையான்னு தீர்ப்புச் சொல்றது நம்ம வேலையா?"

நிருபர் போனில் கேட்ட இந்தக் கேள்விக்கு, செய்திகளைத் திருத்திப் பக்கம் போடும் டெஸ்க்கில் இருந்த நான் அன்று பதில் சொல்லவில்லை. பக்கம் முடிக்கும் நேரம் நெருங்கிவிட்டது என்பது ஒரு காரணம். பதில் கைவசம் இல்லை என்பது இன்னொன்று. இப்போதும் முழுதாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

விஷயம் ஒரே ஒரு வரி. ஒரு தாக்குதல் நடந்த அன்று நிருபர் அனுப்பிய காப்பியின், அதாவது செய்தி வரைவின், இரண்டாவது பத்தியில் இருந்தது. தாக்கியவர்கள், வெளியார் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டிவைக்கும் என்கிரிப்ஷன் உள்ள செயலி வழியாகத் திட்டமிட்டதால்தான் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியவில்லை என்று, பெயர் சொல்ல விரும்பாத மூத்த அதிகாரி ஒருவர் சொன்னதாக.

"அவருக்கு எப்படித் தெரியும்? யாரோட போனாவது கிடைச்சிருக்கா?"

"விசாரணை நடக்குதுன்னு சொல்றார்."

"அப்போ அது அவரோட ஊகம்."

"மூத்த அதிகாரியோட ஊகமும் செய்திதானே சார்?"

அதற்குப் பிறகுதான் மேலே சொன்ன கேள்வி வந்தது. நான் வரியை எடுத்துவிட்டேன். மற்ற இடங்களில் அதுவே தலைப்பாக வந்தது.

எடுத்ததற்கு எனக்குக் காரணம் இருந்தது. 2015 நவம்பர் 13 பாரிஸ் தாக்குதலில் 130 பேர் கொல்லப்பட்டார்கள். தாக்கியவர்கள் பிளேஸ்டேஷன் 4 என்ற வீடியோ கேம் கருவி வழியாகப் பேசிக்கொண்டார்கள் என்று அடுத்த சில நாட்களில் உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. அதன் மூலத்தைத் தேடிப் போனால், பெல்ஜியத்தின் உள்துறை அமைச்சர் தாக்குதலுக்கு முன்பே ஒரு கூட்டத்தில் பொதுவாகச் சொன்ன கருத்துதான் கிடைத்தது. தாக்கப்பட்ட இடங்களில் ஒன்றான பட்டக்லான் அரங்குக்கு வெளியே குப்பைத் தொட்டியில் கிடைத்த போனில் இருந்ததோ, "கிளம்பிவிட்டோம், தொடங்குகிறோம்" என்ற பொருளில் சாதாரண எஸ்எம்எஸ். எந்தப் பூட்டும் இல்லாத செய்தி. அதற்குள் என்கிரிப்ஷனைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற பேச்சு பல நாடுகளில் சூடு பிடித்துவிட்டது.

இதை நான் பலமுறை டெஸ்க்கில் சொல்லியிருக்கிறேன். அந்த நிருபரிடமும் சொன்னேன். அவர் சும்மா இருக்கவில்லை, போய்ப் படித்துவிட்டு வந்தார். "அதே போன்ல டெலிகிராமும் இருந்திருக்கு சார். தாக்குதல் நடந்த அன்னிக்கு மதியம்தான் இறக்கியிருக்காங்க. அதை நீங்க சொல்லவே இல்லையே?"

அது உண்மைதான். எஸ்எம்எஸ் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பாதியை விட்டுவிடுகிறோம். டெலிகிராமில் சாதாரண உரையாடலுக்கு, அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர யாரும் படிக்க முடியாத முனைக்கு முனை என்கிரிப்ஷன் கிடையாது, அதற்கு ரகசிய உரையாடலைத் தனியாகத் தொடங்க வேண்டும் என்று நான் விளக்கினேன். விளக்கம் சரியானதே. ஆனால், அதிகாரி சொன்ன வரியை ஒரே கேள்வியில் தள்ளிவிட்ட நான், எனக்குப் பிடித்த கதைக்கு மட்டும் இத்தனை நுணுக்கம் பேசுகிறேனோ என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. என்கிரிப்ஷன் தேவை என்று நம்புகிறவன் நான். செய்தியாளர்களுக்குத் தகவல் தருகிறவர்களின் உயிரே சில நேரம் அதை நம்பித்தான் இருக்கிறது. அந்த நம்பிக்கைதான் அன்று வரியை வெட்டியதா?

இல்லை என்றுதான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். இந்த விவாதத்தில் அதிகாரிகள் வெறும் சாட்சிகள் அல்லர், வழக்காடுகிறவர்களும் அவர்கள்தாம். பூட்டிய போன்களைத் திறக்க முடியவில்லை என்று வாதாட அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ ஏறத்தாழ 7,800 என்ற எண்ணிக்கையை மேடைக்கு மேடை சொல்லிவந்தது. அது தவறு, ஒரே போனைப் பலமுறை எண்ணிவிட்டோம் என்று 2018 மே மாதம் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் அந்த எண் எத்தனை செய்திகளில், எத்தனை தலையங்கங்களில் போயிருக்கும்! சட்டம் கேட்கிற தரப்பு, பெயர் சொல்லாமல், ஆதாரம் காட்டாமல், மக்கள் பயத்தில் இருக்கும் அந்த முதல் சில மணி நேரத்தில் சொல்வதை நாம் அப்படியே போட்டால், செய்தி சொல்கிறோமா, அவர்களுக்காக வாதாடுகிறோமா?

சரி, நிறுவனங்கள்? இதையும் நிருபரே கேட்டார். "கம்பெனி அறிக்கைன்னா இப்படி ஆதாரம் கேப்பீங்களா?" நியாயமான கேள்வி. வீடியோ கூட்டம் நடத்த உதவும் ஜூம், தன் கூட்டங்களுக்கு முனைக்கு முனை என்கிரிப்ஷன் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. 2020இல் அது அப்படியில்லை என்று வெளியே வந்து, அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்துடன் சமரசம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. நிறுவனங்களுக்கும் இதில் விற்பனை நோக்கம் இருக்கிறது. அதனால் இப்போது டெஸ்க்கில் "எப்படித் தெரியும்?" என்ற கேள்வியை இரண்டு பக்கமும் கேட்கிறோம். பாதுகாப்பு என்பதும் ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமான சொல் இல்லை. தொலைபேசி நிறுவனங்களுக்குள் சீன ஊடுருவல்காரர்கள் புகுந்தது தெரிந்த பிறகு, 2024 டிசம்பரில் அமெரிக்க அதிகாரிகளே என்கிரிப்ஷன் உள்ள செயலிகளைப் பயன்படுத்துங்கள் என்று மக்களுக்கு அறிவுரை சொன்னார்கள்.

நிருபர் ஒரு வழி சொன்னார். வரியைப் போட்டுவிட்டு, "ஆதாரம் கேட்டோம், தரவில்லை" என்று அடுத்த வரி சேர்த்திருக்கலாமே என்றார். வாசகருக்கு இரண்டும் தெரிந்திருக்கும், அவரே முடிவு செய்திருப்பார். கேட்க நேர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் போனில் வருகிற அறிவிப்பில் முதல் வரி மட்டும்தானே வரும்? இரண்டாவது வரியைச் சேர்த்த திருப்தி நமக்கு, பயம் மட்டும் வாசகருக்கு. இப்படித்தான் அப்போது நினைத்தேன்.

பல மாதம் கழித்து அந்தத் தாக்குதல் வழக்கில் குற்றப்பத்திரிகை வந்தது. சாதாரண அழைப்புகள், எஸ்எம்எஸ், அதோடு அப்படியொரு செயலியும் இருந்தது. ஆக, அதிகாரி சொன்னதில் ஒரு பகுதி சரி. அதனால்தான் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதற்கு அதில் எதுவும் இல்லை. இரண்டு பேருமே நாங்கள்தான் ஜெயித்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கிடையில் அந்த அதிகாரி நிருபரிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார். அந்த நஷ்டம் எனக்கு இல்லை, நிருபருக்கு.

சமீபத்தில் அதே நிருபர் இன்னொரு காப்பி கொண்டுவந்தார். குழந்தைகளைச் சீரழித்த வழக்கு. பூட்டிய போனைத் திறக்க முடியாமல் விசாரணை நிற்கிறது என்று அதிகாரி பெயரோடு சொல்லியிருந்தார். என்ன முயன்றார்கள், இணையச் சேமிப்பில் (கிளவுடில்) இருக்கும் நகல் கேட்கப்பட்டதா என்பதையெல்லாம் நிருபர் ஏற்கெனவே விசாரித்து எழுதியிருந்தார். முதல் பக்கத்தில் போட்டேன். அந்த அதிகாரியின் தவிப்பு உண்மையானது, அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

"அன்னிக்கு அந்த மூத்த அதிகாரி தன் பேரை மட்டும் கொடுத்திருந்தா, ஆதாரம் இல்லாமலே போட்டிருப்பீங்களா சார்?" என்று நிருபர் கேட்டார்.

போட்டிருப்பேன் என்றே நினைக்கிறேன். அப்படியானால், ஆதாரம் இல்லாததால்தான் எடுத்தேன் என்று நான் இத்தனை நாளாகச் சொல்லிவரும் காரணம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை.