தண்ணீரில் கண்டம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலேகாலுக்கு எங்கள் அண்ணன் ஒரு ரோபோட்டுக்கு விபூதி பூசிவிட்டார். தெரிந்து பூசியிருந்தால்கூடப் பரவாயில்லை. கோலாலம்பூரில் எங்கள் சென்தூல் மொத்தமும் இருட்டிக்கொண்டு வருகிற நேரம், ஏழாவது மாடி பால்கனி, கொடியில் அண்ணியின் பாத்தேக் கைலி படபடவென்று அடிக்கிறது. அங்கே நின்றுகொண்டு ஸ்ப்ரே டப்பாவை, எங்கள் பேச்சில் தோங்கை, குலுக்கியவரை என்னவென்று சொல்வது.

காலையில் நடந்ததைச் சொல்லாமல் இதை மட்டும் சொன்னால் பழி முழுக்க அண்ணன் தலையில் விழும். அது நியாயமில்லை. சின்ன மாமாவுக்கும் பங்கு உண்டு.

கண்டம் சீட் ஃப்ரீடம். 2024 ஜனவரி 26 அன்று ஜப்பானில் வெளியான ரோபோட் அனிமேஷன் படம், 124 நிமிடம். அண்ணன் இதை ஏற்கெனவே மூன்று தடவை பார்த்து மூன்று தடவையும் திட்டியாயிற்று. நாலாவது தடவை தனியாகத் திட்ட அலுப்பாக இருந்தது போல, ஆள் சேர்த்தார். சின்ன மாமா வந்தார், பி பிளாக் மாப்ளே வந்தான், குட்டி அறையிலிருந்து கைப்பேசியோடு வந்தான். அம்மா மட்டும் கூப்பிடாமலே வந்து நடு சோபாவில் உட்கார்ந்தார். டிவி அவருடையது.

"படத்துக்குப் பேரு என்னாடா?"

"கண்டம், மா."

"நல்ல பேரு. இவனுக்கு முப்பத்தாறு வயசுல கண்டம் இருக்குன்னு ஜாதகத்துலயே எழுதியிருந்துச்சு. தண்ணியிலன்னு போட்டிருந்துச்சு, டிவியிலயா வந்திருக்கு."

இது காலை பத்து மணிக்குச் சொன்னது. சாயங்காலம் வரை யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை.

அண்ணன் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். கண்டம் சீட் முதல் தொடர் 2002இல் ஆரம்பித்து 50 பாகம் ஓடியது. அடுத்தது டெஸ்டினி, 2004இல் தொடங்கி அதுவும் 50 பாகம். படம் எடுக்கப் போகிறோம் என்று 2006இல் அறிவித்தார்கள். அப்போது அண்ணன் ஐந்தாம் படிவம். பிறகு வேலைக்குப் போனார், கல்யாணம் ஆனது, குட்டி பிறந்தான், முன்பல் விழுந்து முளைத்தது, 2023இல் சென்தூல் பாராட்டுக்கு எம்ஆர்டி ரயிலே வந்து சேர்ந்தது. படம் வரவில்லை. இவ்வளவு காலம் காத்திருந்தவன் சந்தோஷமாகப் பார்ப்பான் என்று யாராவது நினைத்தால் அவர்கள் காத்திருந்ததே இல்லை. காத்திருந்த ஆளுக்கு முதலில் வருவது கோபம்தான். முகம் எல்லாம் மாறிப்போச்சு என்பார். ரோபோட்டைக் கையால் வரையாமல் கம்ப்யூட்டரில் செய்துவிட்டான் என்பார். கதையில் வரும் இளவரசி ககாலிக்குக் குரல் கொடுத்தவரை மாற்றிவிட்டு மோரி நானாக்கோவைப் போட்டதற்கு, சொந்தத் தங்கச்சியின் குரலை மாற்றிவிட்ட மாதிரி வருத்தப்படுவார். இப்படித் திட்டிக்கொண்டே நாலு தடவை பார்க்கிறவர்கள் ஜப்பானிலும் நிறைய இருக்க வேண்டும். கண்டம் படங்களில் 1982 முதல் அசையாமல் இருந்த வசூல் சாதனையை இது முறியடித்தது சும்மா நடந்திருக்காது.

சின்ன மாமா வேறு கட்சி. அவருக்கு 1979ஆம் ஆண்டு இயக்குநர் டோமினோ எடுத்த முதல் கண்டம்தான் கண்டம், மற்றதெல்லாம் விளம்பரம். அந்த முதல் தொடரைப் பார்க்க ஆளில்லாமல் 52 பாகத்துக்குப் போட்ட திட்டத்தை 43இலேயே முடித்துவிட்டார்கள். மறு ஆண்டு 300 யென்னுக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மை வந்தது, பையன்கள் கடை வாசலில் வரிசை கட்டினார்கள், கதைக்கு மறுபடி உயிர் வந்தது. ஆக, பொம்மை இல்லாவிட்டால் மாமாவின் புனித நூலும் இல்லை. இதைச் சொன்னால் மாமாவுக்குக் காது கேட்காது.

அப்படிப்பட்ட மாமா, படத்தில் சிவப்பு நிற ஸ்கோக் வந்ததும் துள்ளி எழுந்தார். ஸ்கோக் என்பது கேஸ் தோங்குக்குக் கைகால் முளைத்த மாதிரி இருக்கும். கழுத்து கிடையாது, ஒற்றைக் கண், விரலுக்குப் பதிலாக நகம், தண்ணீரிலும் தரையிலும் ஓடும். 1979 தொடரில் எதிரணி விமானி ஷார் ஓட்டிய அதே ரகம், அதே சிவப்பு. மாமா எழுந்த வேகத்தில் தே தாரிக் பாக்கெட் முழங்காலில் பட்டுக் கிழிந்து பாய் முழுக்க ஓடியது. "பாத்தியா! பழசுதான் காப்பாத்த வேண்டியிருக்கு!" என்று கத்தினார். கொஞ்ச நேரத்தில் ஸ்கோக்கின் ஓடு கழன்று உள்ளே இருந்து நாயகர்களில் ஒருவனான அத்ருனின் புது ரோபோட் இன்ஃபினிட் ஜஸ்டிஸ் வெளியே வந்தது. மாமாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இளநீர் என்று வெட்டினால் உள்ளே வேறு ஏதோ இருந்த முகம்.

மாப்ளே ஷின் கட்சி. டெஸ்டினியில் நாயகன் என்று அறிமுகமாகி, பாதி வழியில் முதல் தொடரின் நாயகன் கிராவுக்கு இடம்விட்டு ஓரமாய் நிறுத்தப்பட்ட பையன். மாப்ளேயும் வீட்டில் நடுப்பிள்ளை. இந்தப் படத்தில் ஷின் முதலில் இம்மார்ட்டல் ஜஸ்டிஸ் என்கிற ரோபோட்டில் ஏறித் தோற்கிறான். தன் பழைய டெஸ்டினி ரோபோட்டில் திரும்பி வந்து, ஜஸ்டிஸில் போனதால்தான் தோற்றேன் என்கிற மாதிரி பேசிவிட்டு நாலு எதிரிகளை உண்டு இல்லை என்று ஆக்குகிறான். எதிரிகள் மனதைப் படிக்கிறவர்கள். இவன் மனதுக்குள் புகுந்தால் அங்கே செத்துப்போன ஸ்டெல்லா என்கிற பெண் பேயாய் நின்று அவர்களையே விரட்டுகிறாள். மாப்ளே கைதட்டினான். அம்மா, "பேய் இருக்குன்னு முன்னாடியே சொல்ல வேண்டாமா, விளக்கு வைக்கிற வீட்டுல" என்றார்.

அதே மனம் படிக்கிற வித்தைதான் அத்ருன் காட்சியிலும். எதிரி தன் எண்ணத்தைப் படிக்கிறான் என்று தெரிந்து, சண்டை நடுவில் ககாலியைப் பற்றி ஏடாகூடமாகக் கற்பனை செய்து அவனைத் திணறடிக்கிறான். அந்தக் கற்பனையைத் திரையிலும் காட்டுவார்கள். மூன்று தடவை பார்த்த அண்ணனுக்கு இது எந்த இடத்தில் வரும் என்று தெரியும். இருந்தும் ரிமோட் மாமாவின் அடியில். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் இருமினோம். அம்மா மட்டும் இருமாமல், "சண்டைக்கு வந்த எடத்துல என்னா நெனப்பு இவனுக்கு" என்றார்.

சொல்லப்போனால் இந்தத் தொடரை முழுசாகப் புரிந்துகொண்டது அம்மாதான். முதல் தொடரின் கடைசியில் மூ லா ஃபிளாகா என்கிற விமானி வெடித்துச் செத்தார். உடைந்த ஹெல்மெட் விண்வெளியில் மிதப்பதைக் காட்டினார்கள். அடுத்த தொடரில் முகமூடி போட்டுக்கொண்டு வந்து நின்றார். பிறகு வந்த பதிப்பில் ஹெல்மெட்டையே அழித்துவிட்டார்கள். ரசிகர்கள் இன்னும் இதற்குக் கொதிக்கிறார்கள். அண்ணன் வேகவேகமாக விளக்கியதும் அம்மா, "முகமூடி போட்டா செத்தவன் திரும்பி வந்துட்டான்னு அர்த்தம். இதுகூடவா தெரியாது" என்றார். ஏழு மணி சீரியலில் மூன்று மருமகள்கள் அப்படித் திரும்பியிருக்கிறார்கள்.

கடைசியில் பெயர்கள் ஓடும்போது குட்டி ஒன்று சொன்னான். திரைக்கதை என்று மூன்று பெயர். கோட்டோ லியு, மொரோசாவா சியாக்கி, ஃபுக்குடா மிட்சுவோ. நடுவில் இருப்பவர் இயக்குநர் ஃபுக்குடாவின் மனைவி. இரண்டு தொடர்களையும் எழுதியவர். 2016இல் இறந்துவிட்டார். படம் வந்தது அதற்கு எட்டு வருடம் கழித்து.

கொஞ்ச நேரம் யாரும் திட்டவில்லை.

அண்ணிதான் சமையலறையிலிருந்து ஆரம்பித்தார். "பாருங்க, பொண்டாட்டி எழுதி வச்சத அவரு எத்தன வருஷமானாலும் முடிச்சிருக்காரு. இங்க நான் எழுதிக் குடுத்த சாமான் லிஸ்ட்டுல பாதி சாமான்கூட வர்றதில்ல."

அண்ணன் அலமாரி மேலிருந்து மைலோ தோங்கை இறக்கினது அப்போதுதான். உள்ளே 2004ஆம் ஆண்டு பாதியில் நின்ற ஃப்ரீடம் கண்டம் பொம்மை, 1/144 அளவு. அசல் 18 மீட்டர் என்று கணக்கு, பொம்மை 13 சென்டிமீட்டருக்குள். பசை வேண்டாம், அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். பத்துச் சிறகும் இருந்தது, மூட்டில் போடும் ரப்பர் மாதிரியான பாலிகேப்பும் கெடவில்லை. ஸ்டிக்கர்தான் காய்ந்து அப்பளமாகியிருந்தது. நெற்றியில் வைக்கும் வி வடிவக் கொம்பு மட்டும் இல்லை. அதற்கும் காரணம் உண்டு. பிள்ளைகள் கண்ணைக் குத்திக்கொள்ளக் கூடாது என்று கொம்பின் நுனியில் ஒரு சின்னத் தகடு விட்டிருப்பார்கள், அதை வெட்டி எடுக்க வேண்டும். அண்ணன் அப்பாவின் நகவெட்டியால் வெட்டினார். நகவெட்டியின் வாய் வளைவு, பொருளை நெம்பித் தள்ளும். கொம்பு பறந்தது. 20 வருடமாக சோபாவை நகர்த்தும்போதெல்லாம் தேடுகிறோம்.

குட்டி தன் நிப்பரை, அதாவது வெட்டுக்குறட்டை, எடுத்து வந்து மீதியைக் கோத்தான். துண்டுகள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் கம்பியிலிருந்து துண்டை ஒரே வெட்டில் எடுக்கக் கூடாது. முதல் வெட்டில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் காம்பை விட்டுவிட வேண்டும், அப்புறம் பொருளோடு ஒட்டி இரண்டாவது வெட்டு. ஒரே வெட்டில் எடுத்தால் பிளாஸ்டிக் இழுபட்டு அந்த இடம் வெளுத்துப்போகும். பிறகு 400, 800, 1000 எண் உப்புத்தாள். அண்ணன் பழைய பாதியை நகவெட்டியால் செய்தவர், வெளுத்த புள்ளிகள் அம்மை போட்ட மாதிரி தெரிந்தன. "மேட் கோட் அடிச்சா மறைஞ்சிடும்" என்றார் மாமா. இந்த ஒரு வார்த்தைதான். பங்கு உண்டு என்று சொன்னேனே.

மேட் கோட் என்பது பளபளப்பை மழுக்கும் ஸ்ப்ரே பூச்சு. அது உண்மையில் மறைக்கும், நிலவரம் சரியாக இருந்தால். குட்டி 15 வெள்ளிக்கு வாங்கிய ஈரப்பதமானி 86 விழுக்காடு காட்டியது. "பா, மழை வருது, நாளைக்கு அடிக்கலாம்" என்றான். அண்ணன் 20 வருடம் காத்திருந்தவர், இனி ஒரு நாள்கூட முடியாது.

நடந்தது இதுதான். தோங்கிலிருந்து வரும் கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது பொம்மையின் மேல்பரப்பிலிருந்து சூட்டை எடுத்துக்கொள்ளும். பரப்பு குளிர்ந்ததும் காற்றிலுள்ள ஈரம் அதில் பனி மாதிரி படியும். பூச்சு காய்வதற்குள் அந்த ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால் எல்லாம் பால் வெள்ளை. 20, 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று லேசாக அடிக்க வேண்டியதை அண்ணன் நாலு விரல் தூரத்தில் நின்று சொட்டச் சொட்ட அடித்தார். இரண்டு நிமிடம் குலுக்க வேண்டியதைப் பத்து எண்ணும் வரை குலுக்கினார். மேட் பொடி அடியில் தங்கிவிடும், குலுக்காவிட்டால் அதுவும் திட்டுத் திட்டாக வெளுக்கும். ஆக மொத்தம், நீலச் சிறகு, கறுப்பு நெஞ்சு, ஒன்றும் தெரியவில்லை. மழையும் கொட்டத் தொடங்கியது.

அம்மா எட்டிப் பார்த்தார். "ஏன்டா அதுக்கு விபூதி பூசியிருக்க?"

பிறகு அவரே, "தண்ணியில கண்டம்னு எழுதியிருந்தது பொய்யாகல" என்றார்.

மாப்ளேதான் தோளில் தட்டினான். "அண்ணே, நீங்க தோக்கல. மேட்டா இருந்ததால தோத்தீங்க. கிளாஸா இருந்திருந்தா இவனுங்கள்லாம் தூசு."

கிண்டலாகச் சொன்னாலும் மருந்து அதுதான். ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். வெயில் அடிக்கும் காலை பத்து பதினோரு மணிக்கு, தோங்கை வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று நிமிடம் வைத்து (கொதிதண்ணீரில் வைத்தால் வெடிக்கும், அண்ணனுக்காக இதைச் சொல்கிறேன்), அதே ரகத்தில் பளபளக்கிற கிளாஸ் கோட்டைத் தூரத்திலிருந்து பனி விழுவது போல ஒரு சுற்று. பழைய பூச்சு கொஞ்சம் இளகி, மாட்டியிருந்த ஈரம் விட்டு இடைவெளி மூடும். பத்து நிமிடம் கழித்து இன்னொரு சுற்று. நிறம் திரும்பிய பிறகுதான் மறுபடி மேட், அதுவும் கண் ஸ்டிக்கரை மறைத்துவிட்டு. செவ்வாய்க்கிழமை குட்டி பள்ளிக்கூடம் போகுமுன் பொம்மையைப் பால்கனியில் வைத்துவிட்டுப் போனான், அண்ணி அடித்தார். நீலம் திரும்பிவிட்டது. அண்ணன் ஸ்ப்ரே தோங்கைத் தொட இப்போது அனுமதி இல்லை.

கொம்பு இல்லாத நெற்றியோடு அது டிவி பக்கத்தில் நின்றது. நேற்று அம்மா, குட்டியின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் தைக்க நீல பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். ஊசி, கொக்கி, உதிரிப் பொத்தான், அப்புறம் சின்னதாக நாலு முனை வைத்த ஏதோ ஒன்று, அதில் சுற்றிய கறுப்பு நூல்.

அண்ணனுக்குப் பேச்சு வரவில்லை. குட்டிதான், "பாட்டி, அது கண்டத்தோட கொம்பு" என்றான்.

"நூல் சுத்துற கட்டடா இது. பெருக்கும்போது கெடைச்சது. உங்கப்பனோடது ஏதோன்னு தூக்கிப் போட மனசு வரல."

"குடுங்க மா" என்று அண்ணன் கையை நீட்டினார்.

"நூல் தீரட்டும், தர்றேன்" என்று டப்பாவை மூடினார் அம்மா.

கறுப்பு நூல். எங்கள் வீட்டில் கறுப்புத் துணி வாங்க அம்மா யாரையும் விட்டதே இல்லை.