புருவம் உதிரும்போது

மாந்தீவுத் தொழுநோய் வைத்தியசாலையின் பெயரைக் கேட்டே வளர்ந்த ஊர் எங்கள் மட்டக்களப்பு. புருவமுடி கொட்டினால் சனங்களின் நினைப்பு நேரே அங்கேதான் போகும். தோல் கிளினிக்கில் தாதியாக இருக்கும் எனக்கு, நோயைவிட இந்தப் பயம்தான் பெரிய தடையாகத் தெரிகிறது.

படுவான்கரையிலிருந்து வந்த ஒரு தாய் சேலைத் தலைப்பை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தார். “மிஸ், மகளுக்குக் கலியாணம் பேசுகிறோம். கொப்பியில் நோயின் பெயரை எழுதிவிடாதீர்கள்” என்றார். வைத்தியர் பஞ்சுத் திரியால் புருவத்தைத் தொட்டுப் பார்த்தார். தொழுநோய்த் தேமல் பெரும்பாலும் மரத்திருக்கும். இவருக்கு உணர்ச்சி நன்றாகவே இருந்தது. கூடவே, இரவில் தூங்கவிடாத அரிப்பு. உச்சியிலும் முடியற்ற ஒரு திட்டு. புழுவெட்டு என்றால் அந்த இடம் வழுவழுவென்று இருக்கும். இங்கே மயிர்க்கால்தோறும் அரிசிக் குருணை போல விரலில் நெருடியது.

தலைத்தோல் அழற்சியால் முடி கொட்டுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் கிடையாது. லைக்கன் பிளானோபிலாரிஸ், லூபஸ் போன்ற அழற்சி நோய்களும் மயிர்க்காலை அழித்துத் தழும்பாக்கும். ஆனால் வெள்ளை இரத்த அணுக்களில் தோன்றும் புற்றுநோயான லிம்போமா தோலிலும் வரும்; அதில் ஒரு வகை உண்டு. அந்த வகையில் ரி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் கெட்டுப்போய் மயிர்க்காலுக்குள்ளேயே குடியேறும்; மியூசின் என்ற வழுவழுப்பான பொருளும் அங்கே சேரக்கூடும். மியூசினோடு முடி கொட்டும் நிலையை ஹெர்மன் பின்கஸ் 1957இல் விவரித்தார். மியூசின் இருந்தாலே லிம்போமா என்றும் ஆகாது; இளவயதினர் பலருக்குத் தானாகவே ஆறிவிடும்.

நோய் ஆழத்தில் இருப்பதால் மேல்தோலைச் சுரண்டி எடுத்துப் பயனில்லை. பயொப்சி என்ற தோல்துண்டுச் சோதனைக்கு 4 மில்லிமீற்றர் வட்டக் கத்தியைக் கொழுப்புப் படைவரை இறக்க வேண்டும். அந்தத் தாயின் முதல் பயொப்சியில் வெறும் அழற்சி என்றுதான் வந்தது. சீட்டில்லாமல் வாங்கிய ஸ்டீரொயிட் களிம்பை மாதக்கணக்கில் பூசியிருந்தார். அது செல்களைக் கலைத்து உண்மையை மறைத்துவிடும். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. களிம்பை நிறுத்திச் சில வாரங்கள் கழித்து எடுத்த இரண்டாவது பயொப்சியில்தான் லிம்போமா தெரிந்தது. பரவும் முன்பே கதிர்ச் சிகிச்சை தொடங்கியது.

“மகளுக்குத் தொற்றுமா?” என்பதே அவர் கேட்ட ஒரே கேள்வி. தொற்றாது, அம்மா. தொழுநோயாக இருந்திருந்தாலும் இலவச மருந்தால் குணமாகும் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அரிப்போடு முடி கொட்டி, மாதங்கள் போயும் ஆறாத திட்டு இருந்தால் கிளினிக்குக்கு வாருங்கள். பூசிய களிம்பின் டியூப்பையும், வெறுமையாக இருந்தாலும், கையோடு கொண்டுவாருங்கள்.