ஒரே ஒரு கேபிள்

கோலாலம்பூர் செந்தூல்ல கல்யாண டின்னர். பேண்டுல இருந்த அண்ணன் எலக்ட்ரோ-அக்கூஸ்டிக் கிட்டார்ல (பிக்கப் உள்ளயே வெச்ச மரக் கிட்டார்) ஒரு கேபிள சொருகினாரு, ரெண்டு தடவ மீட்டினாரு, சவுண்ட் செக் முடிஞ்சிருச்சு.

மைக் ஸ்டாண்டே இல்ல!

இடைவேளையில கிட்ட போய் பாத்தேன். பக்கவாட்டுல சின்ன டியூனர், பேஸ் ட்ரெபிள் குமிழ், உள்ள 9 வோல்ட் பேட்டரி. கம்பி உக்காந்திருக்கற அந்த வெள்ளை சேடிலுக்கு அடியில மெல்லிசா ஒரு பியெசோ பட்டை, அதுதான் பிக்கப், கம்பி அதிர அதிர அந்த அழுத்தம் மின் சிக்னலா மாறி நேரா மிக்ஸருக்குப் போயிடுது.

"மைக் வெச்சா அது முன்னாடியே அசையாம நிக்கணும் தம்பி, பக்கத்துல அடிக்கற தபேலாவும் சேந்து ஏறும், சத்தத்த கூட்டினா ஃபீட்பேக் கத்தும்"னாரு.

இப்ப மேடை முழுக்க நடந்துகிட்டே வாசிக்கறாரு!

ஸ்டூடியோவுல நல்ல மைக் வெச்சு எடுக்கற அந்த மரத்தோட சத்தம் இதுல முழுசா வராது, பியெசோ கொஞ்சம் கூர்மையாத்தான் கேக்கும், அத ஒத்துக்கறேன். ஆனா ஹால் முழுக்க ஜனம் பேசிக்கிட்டே சாப்புடற எடத்துல ஒவ்வொரு கம்பியும் தெளிவா கேட்டுச்சு லா, வாரக்கடைசி டின்னர் வாசிச்சே பொழைக்கற நம்ம கலைஞர்களுக்கு அதுதான் முக்கியம்.

புள்ளைங்க மேடையேற ஆசப்பட்டா இந்த வகையே வாங்கிக் குடுங்க. கேபிள் சொருகலன்னா வீட்டுல சாதா கிட்டாராவே வாசிக்கலாம்.