கருணை வேண்டாம், இழப்பீடு வேண்டும்

செப்டம்பர் 24, 2025

இடது கட்டைவிரலால் போனில் தட்டுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முந்தாநாள் சாயங்காலம் லைனிங் துணியும் கொக்கி பாக்கெட்டும் வாங்கக் கிளம்பினேன். மார்க்கெட் பக்கம் நடைபாதை என்பதே வடிகால் மேல் போட்ட சிமெண்ட் பலகைதான். நான் கால் வைத்த பலகை நடுவில் முறிந்து உள்ளே போனது. இடுப்பு வரை சாக்கடை. ஊன்றிய வலது கை மணிக்கட்டில் ஒடிந்துவிட்டது. பூக்கார அக்காதான் தூக்கிவிட்டார். "ரெண்டு மாசத்துல நீ மூணாவது ஆளு கண்ணு" என்றார்.

அரசு மருத்துவமனையில் டாக்டர் "எப்படிம்மா விழுந்தீங்க?" என்று கேட்டபோது, இருந்த வலியில் "தவறி விழுந்துட்டேன் சார்" என்றுதான் வாயில் வந்தது. நர்ஸம்மா உடனே, "எங்க விழுந்தீங்க, எதனாலன்னு சரியா சொல்லுங்க. ஏ.ஆர்.ல அதுதான் ஏறும்" என்றார். விபத்துப் பதிவேட்டில் "வடிகால் மூடி உடைந்து விழுந்ததால்" என்று ஏறியது. அந்த அம்மா நல்லா இருக்கணும்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. தீபாவளிக்கு இருப்பது 26 நாள். நான் தையல்காரி.

செப்டம்பர் 26

நேற்று தம்பி என் அளவு டேப்பை எடுத்துப்போய், குழிக்குக் குறுக்கே பிடித்துப் படம் எடுத்து வந்தான். டேப் 24 அங்குலத்தில் நிற்கிறது. முறிந்த விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி, தொட்டால் பொடியாக உதிர்ந்ததாம். அன்றைக்கு உடைந்த பலகை இல்லை அது, வருஷக்கணக்காக இற்றுப்போனது. காவல் நிலையத்தில் மனு கொடுத்து அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கிவிட்டோம்.

இன்று காலை அங்கே புதுப் பலகை போட்டுவிட்டார்கள். இனி யாரும் விழமாட்டார்கள், சந்தோஷம். ஒரு நாள் தள்ளிப் போயிருந்தால் அந்தப் படம் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

அக்டோபர் 7

வடிகாலைப் பராமரிக்கிற உள்ளாட்சி அலுவலகத்துக்கு மனுவோடு போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "மனிதாபிமான அடிப்படையில கருணைத் தொகையா 5,000 ரூபாய்க்கு எழுதிப் போடறேன்மா" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அந்தச் சொல்தான் மனதை அறுத்தது. வீட்டு வரி பாக்கி இல்லாமல் கட்டுகிறோம். அவர்கள் பலகை உடைந்து என் கை போயிருக்கிறது. இதில் கருணை எங்கிருந்து வந்தது?

அக்டோபர் 15

தீபாவளி பிளவுஸ் 37 கவரையும் வாடிக்கைக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. சில பேர் அளவு பிளவுஸை மட்டும் "இருக்கட்டும்க்கா, பொங்கலுக்கு வர்றோம்" என்று விட்டுப்போனார்கள். அப்போதுதான் அழுதேன்.

பேப்பரில் ஒரு செய்தி. சாலைப் பள்ளத்தாலும் மூடாத ஆள்நுழை குழியாலும் இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சம், காயம்பட்டவருக்கு 50,000 முதல் 2.5 லட்சம் வரை தரச் சொல்லி பாம்பே உயர் நீதிமன்றம் உத்தரவு. அது மகாராஷ்டிரத்துக்கு. இருந்தாலும் கத்தரித்து வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 29

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு போனேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருகிறார்கள். இது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது.

வக்கீல் மேடம் நிதானமாகச் சொன்னார். சிவில் கோர்ட்டுக்குப் போகலாம், காலம் பிடிக்கும். அதைவிட நிரந்தர மக்கள் நீதிமன்றம். பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் பற்றிய வழக்குகளுக்கென்றே உள்ளது. துப்புரவும் அதில் வரும், வடிகால் அதற்குள் அடங்கும் என்று வாதாடலாம். கோர்ட் கட்டணம் இல்லை. முதலில் சமரசம் பேசுவார்கள், படியாவிட்டால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம். ஆனால் அதற்கு மேல்முறையீடு கிடையாது, "அதை யோசிச்சுக்கிட்டு கையெழுத்துப் போடுங்க" என்றார்.

பராமரிக்காதது அவர்கள் தப்பு என்று எப்படி நிரூபிப்பது என்று கேட்டேன். டெல்லி சாந்தினி சௌக்கில் 1951-ல் மணிக்கூண்டு இடிந்து விழுந்து ஆட்கள் செத்த வழக்கைச் சொன்னார். தானாக இடிந்து விழுந்ததே அலட்சியத்துக்குச் சாட்சி என்று 1966-ல் உச்ச நீதிமன்றம் நகராட்சியைப் பொறுப்பாக்கியதாம். எனக்கு அந்தத் துருக் கம்பி ஞாபகம் வந்தது.

இடது கையால் கையெழுத்துப் போட்டேன். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும், 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி: அந்த வடிகால் மூடிகளைக் கடைசியாகச் சோதித்த தேதி என்ன?

நவம்பர் 9

கட்டுப் பிரித்தாயிற்று. கை கட்டை மாதிரி இருக்கிறது, கத்தரிக்கோல் பிடிக்க வரவில்லை.

வருமானத்துக்குச் சான்று கேட்டார் மேடம். சம்பளச் சீட்டுக்கு நான் எங்கே போவேன்? நாலு வருஷத்து அளவு நோட்டுகளைக் கொண்டுபோய் வைத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், மார்பு, இடுப்பு, கை நீளம், ஓரத்தில் கூலி 350, கொடுத்ததும் ஒரு டிக். பல பக்கங்களில் எண்ணெய்க் கறை. புரட்டிக்கொண்டே வந்தவர், "இதைவிட என்ன சான்று வேணும்?" என்றார். வாகன விபத்து வழக்கு ஒன்றில், காய்கறி வியாபாரி ரசீது காட்ட முடியாது என்பதற்காக வருமானமே இல்லை என்றாகாது என 2014-ல் உச்ச நீதிமன்றம் மாதம் 6,500 ரூபாய் கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறதாம்.

டிசம்பர் 2

தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. "ஆய்வுப் பதிவேடு பராமரிக்கப்படவில்லை." ஒரே வரி.

ஜனவரி 23, 2026

எலும்பு டாக்டர் வலது கைக்கு 15 சதவீதம் ஊனம் என்று சான்று கொடுத்தார். அது கைக்கு உள்ள கணக்கு, பிழைப்புக்கு உள்ள கணக்கு வேறு என்கிறார் மேடம். இடது கை போனாலும் குமாஸ்தாவுக்கு வேலை போகாமல் இருக்கலாம், தச்சருக்கோ ஓட்டுநருக்கோ பிழைப்பே போய்விடும் என்று உச்ச நீதிமன்றமே 2010-ல் விளக்கியிருக்கிறது. தையல்காரிக்கு வலது மணிக்கட்டு என்றால் என்ன? அதைத்தான் மனுவில் விரிவாக எழுதினோம்.

பிப்ரவரி 12

நிரந்தர மக்கள் நீதிமன்றத்தில் முதல் அமர்வு. அலுவலகத் தரப்பில், "கருணை அடிப்படையில் 25,000 தரத் தயார்" என்றார்கள். தலைவர் என்னைப் பார்த்து, "தொகை போதலையாம்மா?" என்று கேட்டார். "தொகையைப் பேசலாம் ஐயா. கருணைங்கிற வார்த்தையை முதல்ல எடுக்கச் சொல்லுங்க. இழப்பீடுன்னு எழுதட்டும்" என்றேன். குரல் நடுங்கியது, ஆனாலும் சொல்லிவிட்டேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். மார்ச் மாதத்துக்கு வாய்தா.

வீட்டுக்கு வந்து ஒரு பிளவுஸுக்குக் கொக்கி வைத்துப் பார்த்தேன். ஆறு கொக்கிக்கு முக்கால் மணி நேரம். முன்பெல்லாம் பத்து நிமிஷம். தேதி போட்டு அதையும் அளவு நோட்டில் எழுதியிருக்கிறேன்.