மாற்ற வேண்டாம் என்று சொன்ன வரி

அந்த வரியை மாற்ற வேண்டாம் என்று சொன்னது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வேறு யாராவது அதே முடிவை எடுத்துவிட்டு என்னிடம் கேட்டிருந்தாலும் சரி என்றே சொல்லியிருப்பேன். அதற்கடுத்து என் குழுவில் வேலை பார்த்த ஒரு பெண் கேட்ட கேள்வியும் நான் சொன்ன பதிலும்தான் இன்னும் மனதுக்கு ஒப்பவில்லை.

தொழிற்சாலை லைனில் எஃகு வளையங்களில் குறை இருக்கிறதா என்று கேமரா வைத்துப் பார்க்கும் எங்கள் நிரலில், கேமராவிலிருந்து வரும் கச்சாப் படத்தை வண்ணப் படமாக்கும் வரி அது. இந்தக் கேமராக்களின் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தை மட்டுமே பார்க்கும். இரண்டுக்கு இரண்டு கட்டத்தில் பச்சை இரண்டு, சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயருக்கு 1976இல் காப்புரிமை கிடைத்த அமைப்பு. ஒவ்வொரு பிக்சலிலும் விடுபட்ட இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்திலிருந்து கணக்கிட்டு நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டம் எந்த நிறத்தில் தொடங்குகிறது என்று நாம்தான் சொல்ல வேண்டும். எங்கள் கேமராவின் கையேடு ‘ஆர்ஜி’ என்கிறது, அதாவது முதல் வரிசையின் முதல் இரண்டு பிக்சல்கள் சிவப்பும் பச்சையும். படங்களைக் கையாள நாங்கள் பயன்படுத்தும் நிரல் நூலகமான ஓப்பன்சிவியோ இரண்டாவது வரிசையின் இரண்டாவது, மூன்றாவது பிக்சல்களைப் பார்த்துப் பெயர் வைக்கும். அதே சென்சாருக்கு அங்கே பெயர் ‘பிஜி’. கையேட்டைப் பார்த்து இங்கும் ஆர்ஜி என்று எழுதினால் சிவப்பும் நீலமும் இடம் மாறிவிடும். பச்சை தன் இடத்திலேயே இருப்பதால் படம் கலங்காது, கூர்மையும் குறையாது. பிழைச் செய்தி எதுவும் வராது.

எனக்கு முன்னால் அந்த நிரலை எழுதியவர் கையேட்டைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள். பிந்தைய ஓப்பன்சிவி பதிப்புகளில் நான்கு நிறங்களையும் வரிசையாகச் சொல்லும் பெயர்களையும் சேர்த்திருக்கிறார்கள். இந்த இடத்தில் எத்தனை பேர் இடறியிருந்தால் அப்படிச் செய்திருப்பார்கள்!

இரண்டாவது விஷயம் எல்லோருக்கும் தெரிந்தது. ஓப்பன்சிவி நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைத்துக்கொள்ளும். 1999இல் இன்டெலில் அந்த வேலை தொடங்கிய காலத்தில் கேமரா செய்தவர்களிடமும் விண்டோஸிலும் அந்த வரிசைதான் புழக்கத்தில் இருந்தது. இமேஜ்நெட் என்ற படத் தொகுப்பில் பழக்கிய மாடல்கள் (எங்கள் லைனில் குறையைக் கண்டுபிடிப்பதும் அப்படி ஒன்றுதான்) பெரும்பாலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையை எதிர்பார்ப்பவை. நடுவில் நிற வரிசையைத் திருப்பும் ஒரு மாற்றுவரி வேண்டும். எங்கள் நிரலில் அது இல்லை. ஏற்கெனவே இடம் மாறியிருந்த சிவப்பும் நீலமும், மாற்றுவரி இல்லாத காரணத்தால், மாடலுக்குள் நுழையும்போது சரியான வரிசையில் நின்றன. ஒரு பிழையை இன்னொன்று நேர் செய்துவிட்டது.

லைனில் இருக்கும் திரையில் மட்டும் யாரோ நிறம் தப்பாகத் தெரிவதைக் கவனித்து அங்கே ஒரு மாற்றுவரியைச் சேர்த்திருந்தார்கள். அதனால் திரையும் சரி. மாடலும் சரி. சேமிப்பில் கிடக்கும் படங்களில் மட்டும் சிவப்பு நீலமாகவும் நீலம் சிவப்பாகவும் இருந்தன.

இத்தனை காலம் இது எப்படித் தெரியாமல் போனது என்று வெளியாட்கள் கேட்பார்கள். நாங்கள் பார்ப்பது கிரைண்டிங் முடிந்த எஃகு வளையம். சாம்பல் நிறம். சாம்பலில் மூன்று நிறங்களின் அளவும் ஏறக்குறைய ஒன்றுதான், எப்படிப் புரட்டிப் போட்டாலும் சாம்பலாகவே இருக்கும். கீறல், பள்ளம், விளிம்பு உடைசல் எதிலும் வித்தியாசம் தெரியாது. நிறமுள்ள குறைகள் இரண்டே இரண்டு. ஒன்று துரு. இன்னொன்று கிரைண்டிங்கில் சூடேறிக் கருகுவது, எங்கள் பேச்சில் பர்ன். எஃகு ஏறத்தாழ 300 டிகிரிக்குச் சூடானால் மேலே நீலம் படியும். சேமிப்புப் படங்களில் துருவும் நீலமாகத்தான் தெரிந்தது. ஆபீசில் உட்கார்ந்து படங்களுக்குப் பெயர் குறித்தவர்கள் வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. நீலத்தைப் பார்த்தார்கள், பர்ன் என்று குறித்தார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததற்கு அதுதான் சரியான பெயர்.

அந்தப் பெண் இதைத் தேடிப் போகவில்லை. நான் கொடுத்திருந்த வேலை வேறு. மாடலைப் பழக்கும் டிரெயினிங்கில் ஒரு படத்துக்கு வரும் மதிப்பெண்ணும் லைனில் அதே படத்துக்கு வரும் மதிப்பெண்ணும் ஒட்டவில்லை, ஏன் என்று பார்க்கச் சொல்லியிருந்தேன். நேர்த்தியாகப் பிடித்தாள். படத்தைப் படிப்பது இரண்டு பக்கமும் ஓப்பன்சிவிதான், ஆனால் சிறிதாக்குவது டிரெயினிங் பக்கம் பில்லோ என்ற இன்னொரு நூலகம், லைன் பக்கம் ஓப்பன்சிவி. படத்தைச் சிறிதாக்கும்போது பில்லோ, புதிய பிக்சலுக்குள் அடங்கும் பழைய பிக்சல்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கும். ஓப்பன்சிவியின் வழக்கமான முறை பக்கத்து நான்கு பிக்சல்களை மட்டும் பார்க்கும். படத்தை நாலில் ஒரு பங்காகக் குறைத்தால் மெல்லிய கீறல் பில்லோவில் மங்கலாகவாவது மிஞ்சும், ஓப்பன்சிவியில் சில இடங்களில் காணாமலே போகும். இரண்டு பக்கமும் ஒரே முறைக்கு வந்ததும் மதிப்பெண்கள் ஒட்டின.

அவள் அதோடு நிற்கவில்லை. ஒரே வளையத்தின் படத்தை ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்துப் பிக்சல் எண்களை வரிசையாக எழுதிப் பார்த்திருக்கிறாள். அப்படிப் பார்க்கும்போது கேமராவுக்கு முன்னால் ஒரு சிவப்பு அட்டையையும் வைத்திருக்கிறாள். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்போது எங்களிடம் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். சாம்பல் அட்டையில் வெளிச்சத்தைப் பார்க்கலாம், நிற வரிசை தெரியாது. சுத்தமான சிவப்பு வேண்டும். அது எந்தக் கட்டத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்று எண்ணாகப் பார்க்க வேண்டும். திரையில் பார்ப்பது போதாது, திரைக்குப் போகும் வழியில் யார் எதைத் திருத்தி வைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

பிறகு ‘பர்ன்’ என்று குறித்திருந்த படங்களில் சிலவற்றை அச்செடுத்துக்கொண்டு லைனுக்குப் போயிருக்கிறாள். அங்கே வளையங்களைக் கையால் சோதிக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார், எங்கள் எல்லோரையும்விட அங்கே மூத்தவர். படங்களைப் பார்த்துவிட்டு, “இத்தன நீலம் இங்க ஏது கண்ணு? இது துரு. மழ புடிச்சா இப்பிடித்தான் வரும்,” என்றாராம். ஒதுக்கி வைத்த பெட்டியிலிருந்து ஒரு வளையத்தை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தும் காட்டியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் என் மேசைக்கு வந்தாள்.

“சார், ரெண்டு வரியையும் சேத்து மாத்திடலாங்களா?”

“வேண்டாம்மா. ஓடிட்டு இருக்கு. தொட வேண்டாம்.”

காரணங்களைச் சொன்னேன். அவை பொய்யில்லை. ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் லைன் அன்றைக்கே துருவைத் தவறவிடும். இரண்டையும் மாற்றினால் மாடலுக்குப் போகும் படம் மாறாது, சேமிப்புக்குப் போகும் படம் மாறும். பழைய படங்களில் நிறம் புரண்டும் புதியவற்றில் நேராகவும் இருக்கும், அடுத்த டிரெயினிங்கில் இரண்டும் கலக்கும். அதைத் தவிர்க்க மொத்தச் சேமிப்பையும் மாற்றி எழுத வேண்டும். அதோடு வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்தது இந்த நிரலுக்கு. ஒரு வரி மாறினாலும் மறுபடி சோதனைகளை ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். எல்லாம் எதற்கு? வளையத்தை ஏற்பதா ஒதுக்குவதா என்பதில் ஒரு மாற்றமும் வராத ஒரு திருத்தத்துக்கு.

கேட்டுக்கொண்டாள். வாதாடவில்லை. பிறகு கேட்டாள்: “அப்ப கிரைண்டிங்காரங்களுக்கு யாருங்க சார் சொல்றது?”

பர்ன் என்று எண்ணிக்கை போனால் அது கிரைண்டிங் பிரிவின் கணக்கு. ஒதுக்கிய வளையம் அவர்கள் கைக்குத் திரும்பிப் போகாது, எண்தான் போகும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு காலைக் கூட்டத்தில் அவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். கிரைண்டிங் கல்லை அடிக்கடி டிரெஸ் செய்தார்கள், அதாவது முகத்தைச் சீவிக் கூராக்கினார்கள், சூட்டைத் தணிக்கும் கூலன்டை மாற்றினார்கள். அதெல்லாம் எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“பேரை மாத்திடலாம். அடுத்த ரிப்போர்ட்ல இருந்து சரியா வந்துரும்,” என்றேன்.

அவள் கேட்டது யார் சொல்வது என்று. நான் சொன்னது ரிப்போர்ட் எப்போது சரியாகும் என்று. அந்த நேரத்தில் இரண்டும் ஒன்றென்றே எனக்குப் பட்டது. ரிப்போர்ட் தரப் பிரிவுடையது. பழைய எண்கள் தப்பு என்று அறிவிக்கும் அதிகாரம் என்னிடம் இல்லை. என் மேலாளருக்கு நடந்ததை விளக்கி மின்னஞ்சல் அனுப்பினேன். அதில் எதையும் மறைக்கவில்லை. அதற்குமேல் அது போக வேண்டிய வழியில் போயிருக்க வேண்டும். போனதா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்பது என் வேலையா என்று யோசித்தால் இல்லை என்றும் தோன்றுகிறது, பின்னே யாருடையது என்றும் தோன்றுகிறது.

பெயர் மாறியது. மழைக்காலப் படங்களைத் திரும்பக் குறித்தோம். பர்ன் எண்ணிக்கை தரையைத் தொட்டது, துரு ஏறியது. கழுவி எண்ணெய் பூசும் இடத்தில் இருந்த கோளாறு அப்போதுதான் வெளியே வந்தது, அதைச் சரியும் செய்தார்கள். இந்த அளவில் நல்லதே நடந்தது.

சில மாதம் கழித்து கேன்டீனில் கிரைண்டிங் ஃபோர்மேன் எதிரில் வந்து உட்கார்ந்தார். “பாத்தீங்களா சார், பர்னே இல்ல. கூலன்ட் மாத்துனது வேல செஞ்சிருச்சுங்க,” என்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. பக்கத்தில் அவருடைய ஆட்கள் இருந்தார்கள். “நல்லதுங்க” என்றேன்.

அந்த இடத்தில் வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று பலமுறை யோசித்துவிட்டேன். ‘உங்களிடம் பர்ன் அதிகம் வந்ததே இல்லை, எங்கள் படத்தில் நிறம் புரண்டிருந்தது’ என்று ஆட்கள் முன்னால் சொல்வதா? அவர் பாராட்டு வாங்கியிருந்தார். பிடுங்கியது போலாகும். அதற்கு முன்னால் அவர் காலைக் கூட்டங்களில் கேட்ட பேச்சுக்கு அந்தப் பாராட்டு நேராகிவிட்டது என்று ஒரு கணக்கும் மனதில் போட்டேன். மாடலுக்குள் நடந்ததும் இதுதான், ஒரு பிழையை இன்னொன்று நேர் செய்தது. அங்கே அதை நான் ஏற்றுக்கொண்டேன், காரணத்தோடு. மனிதர்களிடமும் அதே கணக்கைப் போடலாமா என்பதில்தான் தடுமாறுகிறேன். கூலன்ட் உண்மையிலேயே நல்லதாகவும் இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்கும் தரவை நாங்கள்தான் கெடுத்து வைத்திருந்தோம்.

இந்த வேலையில் சத்தம் போடும் பிழைகளை நான் நல்ல பிழைகள் என்பேன். கோப்பின் பெயர் தப்பாக இருந்தால் ஓப்பன்சிவி படத்தைப் படிக்கும் இடத்தில் ஒன்றும் சொல்லாது, வெறுமையைத் தரும். அடுத்த வரியில் நிறம் மாற்றப் போகும்போது படம் காலி என்று கத்தி நின்றுவிடும். பிழை இருப்பது ஒரு இடம், சத்தம் வருவது இன்னொரு இடம், இருந்தாலும் வருகிறது. சத்தம் போடாதவைதான் கொல்லும். 8 பிட் எண்ணில் 200-உடன் 100-ஐக் கூட்டினால் பைதானின் எண் நூலகமான நம்பை 44 என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும், பளிச்சென்ற இடம் கறுப்பாகும். ஓப்பன்சிவியின் கூட்டல் 255-இல் நிற்கும். படத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து அதில் கோடு வரைந்தால், பிரதி எடுக்காத வரை மூலப் படத்திலும் கோடு விழும். இவையெல்லாம் ஒரு முறை அடிபட்டால் மறக்காது. நாங்கள் கண்டது இந்த வகையிலும் சேராது. விடை சரியாக வந்துகொண்டே இருந்தது. விடையை மட்டும் சோதிப்பவருக்கு அது கடைசி வரை அகப்படாது.

அவள் பிறகு வேறு இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். இதனால்தான் போனாள் என்று சொல்ல முடியாது, நல்ல சம்பளம், சொந்த ஊருக்குப் பக்கம். ஆனால் அந்தச் சாயங்காலத்துக்குப் பின் நான் கொடுத்த வேலையின் விடையை மட்டும்தான் என்னிடம் கொண்டு வந்தாள், அதைத் தாண்டி எதையும் கொண்டு வரவில்லை. நானாக அப்படி நினைத்துக்கொள்கிறேனோ என்னவோ.

இரண்டாவது லைனுக்குக் கேமரா வந்தபோது பழைய நிரலையே எடுத்துப் போட்டார்கள். புதிய கேமரா நிறம் நிரப்பிய படத்தையே நீலம், பச்சை, சிவப்பு வரிசையில் தந்தது. பேயர் வரிக்கு வேலையில்லை, எடுத்துவிட்டார்கள். அந்த வரிக்கு மேலே நான் பெரிதாக எழுதி வைத்திருந்த எச்சரிக்கையும் அதோடு போய்விட்டது. மாற்றுவரி இல்லாத குறை அப்படியே நின்றது. சோதனை ஓட்டத்தில் கீறல், பள்ளம் எல்லாம் பழைய லைனுக்கு இணையாக வந்தன, மொத்த விழுக்காடும் அழகாக இருந்தது. துருப்பிடித்த வளையங்கள் மட்டும் நல்லவை பக்கம் போயின. அதே அக்கா பெட்டியில் கை விட்டுப் பார்த்ததால் உற்பத்திக்குப் போகும் முன்னே பிடிபட்டது.

பிடிபட்டதால் என் முடிவால் கேடு ஒன்றும் நேரவில்லை என்று சொல்லலாம். நான் எழுதி வைத்த எச்சரிக்கை எதையும் காக்கவில்லை என்பதும் உண்மை.

பழைய லைனின் கேமராவையும் இப்போது மாற்றப் போகிறோம். வரிகள் இரண்டும் அப்போது சரியாகும், ஒப்புதலுக்கும் எப்படியும் போக வேண்டியிருக்கிறது. மிச்சம் இருப்பது சேமிப்பு. ஒவ்வொரு படத்தோடும் நிற வரிசையைக் குறித்து வைத்தால் போதும், மூலத்தைத் தொட வேண்டாம் என்பது என் எண்ணம். அவளிடம் போனில் கேட்டேன். படங்களை மாற்றி எழுதிவிடுங்கள் என்றாள், குறிப்பைப் படிக்காமல் படத்தை மட்டும் திறந்து பார்ப்பவர்கள்தான் அதிகம் என்றாள். அடுத்த வாரக் கூட்டத்தில் இரண்டு யோசனைகளையும் முன்வைக்கிறேன். அந்தக் கூட்டத்துக்குக் கிரைண்டிங் ஃபோர்மேனையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். அவர் வந்தால் எதிலிருந்து தொடங்குவது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.